முந்திரி மருதாணி

அந்தக் காலத்து நெய்வேலியில் யாரைக் கேட்டாலும் வேறொரு ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். சுரங்க வேலைக்காக எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். நாங்கள் திருநெல்வேலி. அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்தான் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்வாசல் வழியாக வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த அக்காவுக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டகையில், கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்கும் வேலை அவளுக்கு. கொட்டகைக்கு லீவு விட்டால் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். பள்ளிக்கூடமே போகாமல் வேலைக்குப் போகிறாளே, கொடுத்து வைத்தவள் என்று எனக்கு அவள்மேல் பொறாமை.

அந்தப் பங்குனியில் ஊரில் மாமாவுக்குக் கல்யாணம். கிளம்புவதற்குள் என் கை சிவந்தாக வேண்டும். என்ன செய்தும் மருதாணி என் கையில் பிடிக்கவே பிடிக்காது. வெளிறிய ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடும். ஊரில் இருக்கும் பெரியம்மா பெண்களுக்கோ அப்படியே கறுக்கும். வருடா வருடம் கையை நீட்டிக் காட்டி என் மானத்தை வாங்குவார்கள்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனிக்கெல்லாம் தொப்பி வைத்ததுபோல் நல்ல கறுப்பு. உள்ளங்கையிலும் அப்படியே.

“என்ன வச்ச? எப்படி இப்படிப் பிடிச்சுது?”

“முந்திரிக்கொட்டதான். ஒடைச்சிகினே இருந்தா தானா புடிச்சிக்கும்” என்றாள். சொல்லிவிட்டுக் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். ரகசியத்தைச் சொல்லிவிட்டோமே என்று மறைக்கிறாள் என எண்ணிக்கொண்டேன்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். நான் வெளியூர்க்காரி. மறுநாள் மதியம் அம்மா கண்ணயர்ந்ததும், தோட்டத்து மரத்தில் பச்சைக் கொட்டைகளைப் பறித்துக் கல்லில் நசுக்கினேன். அதை விரல்களுக்குத் தொப்பியாக வைத்தேன். உள்ளங்கையில் வட்டமாகவும் அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டேன். எரிந்தது. நன்றாகப் பிடிக்கிறது என்று, அம்மாவிடம் மருதாணி எனச் சொல்லிவிட்டு இரவு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கொட்டையின் பால் பட்டு, காலையில் கை முழுக்கக் கொப்புளம். அவள் சொன்னதை அம்மாவிடம் அழுதுகொண்டே உளறிவிட்டேன். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். களிம்பும் கட்டுமாகத் திரும்பி வந்தோம். அதற்குள் பின்வாசலில் அம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

“உம் மவ சொல்லிக் குடுத்த வேலயப் பாத்தியா? இனி நீ இந்த வீட்டுப் பக்கமே வராத!”

அந்த அக்காவுக்கு எங்கள் வீட்டை விட்டால் வேறு வேலை கிடையாது. கொட்டகைக்கு அன்றுதான் கடைசி லீவு; கூட வந்திருந்த மகள்தான் முன்னால் வந்தாள்.

“நான் பூசிக்கச் சொல்லலீங்கம்மா. பாப்பாதான் கையி ஏன் இப்டிக் கீதுன்னு கேட்டுது. சொன்னேன். எங்கம்மாவ நிறுத்திடாதீங்க.”

சொல்லிக்கொண்டே கைகளை நீட்டினாள். அம்மா அவற்றைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்புக்கு அடியில் தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. அம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. “உள்ள போயி பாத்திரத்தப் பாரு” என்று அக்காவை அனுப்பினாள். பிறகு என் களிம்பை எடுத்து மகளின் விரல்களுக்கு ஒவ்வொன்றாகத் தடவினாள். என் மருந்தை அவளுக்குப் போடுகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது.

எல்லாம் தடவி முடித்ததும் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

“இது காலையிக்குள்ள காஞ்சிடுமாங்கம்மா? கொட்ட ஒடைக்கிற கட்ட வழுக்கும்.”

அம்மா களிம்பை மூடி வைத்தாள். அவள் பாவாடை நுனியை எடுத்து, போட்ட மருந்தையெல்லாம் விரல் விரலாகத் துடைத்துவிட்டாள்.

கல்யாண வீட்டில் எல்லாரும் என் கைக்கட்டைப் பார்த்து, பாவம் பிள்ளை என்று மடியில் வைத்து ஊட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணைப் பற்றியும் நான் எல்லாரிடமும் சொன்னேன். நல்ல மருந்து, ஆனால் அவளுக்கு அதன் வாசனை பிடிக்கவில்லை என்று.