வெள்ளைச் சட்டையில் வெள்ளை வள்ளம்

தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் உடுப்பில் வெள்ளையைத் தவிர வேறு நிறம் கூடாது. அதனால் அவர்கள் ஆசைப்பட்டுக் கேட்பதையெல்லாம் வெள்ளை நூலாலேயே தைத்துக் கொடுப்பேன். தூர நின்றால் தெரியாது. விரலால் தடவினால் தெரியும்.

ஊர்காவற்துறைச் சிறுமி ஒருத்தி கேட்டது அப்பா மீன்பிடிக்கப் போகும் வள்ளத்தை. நெஞ்சுப் பக்கம் தைத்து வைத்திருந்தேன்.

போன மாதம் அந்த வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. அப்பா வரவில்லை.

இன்று தாயும் மகளும் வந்தார்கள்.

"அக்கா, அந்த வள்ளத்தைப் பிரிச்சு விடுங்கோ. என்னாலை அதைப் பாக்க ஏலாது," என்றாள் தாய்.

பிரித்தேன். நூல் முழுவதும் வந்துவிட்டது.

மகள் சட்டையை வாங்கி யன்னலுக்கு நேரே பிடித்தாள். ஊசித் துளைகள் வழியே வெயில் தெரிந்தது.

"அம்மா, வள்ளம் போகேல்லை. இஞ்சைதான் நிக்குது."

தாய் நான் தைக்க உட்காரும் கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

தண்ணீர் தெளித்து அயன் பண்ணினால் துளைகள் மறைந்துவிடுமாம். தையல் தெரிந்தவர்கள் யாராவது, அப்படியெல்லாம் மறையாது என்று இந்தப் பதிவுக்குக் கீழே எழுதிவிட்டுப் போங்கள்.