கம்பிகளுக்கு அடியில் ஜனீலின் கல்

வியாழக்கிழமை என்றால் மெர்லீன் லுண்ட் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி சுட்டுக்கொண்டு வருவார். கட்டட வேலை செய்கிறவர்கள் காலையிலிருந்தே அவருடைய காரை எதிர்பார்த்திருப்பார்கள். யூட்டாவில் வான்கோழிப் பண்ணையில் வளர்ந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஐம்பது பேருக்குக் குறைவாகச் சமைக்க அவருக்குத் தெரியாது. கணவர் வெர்ல், நெடுஞ்சாலைத் துறையில் ரோடு போட்டு ஓய்வு பெற்றவர். எங்கள் ஐடஹோ ஊரில் ஆலயம் கட்டத் தொடங்கியபோது, சபை இருவரையும் ஊழியத்துக்கு அனுப்பியது. வேலி ஓரம் வந்து நிற்கிறவர்களிடம் பேசுவது, தளத்தில் யாரும் புகைக்காமல் பார்த்துக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை கேட்டைப் பூட்டி வைப்பது, இவைதான் வேலை. ஊழியர்களை எங்கள் சபையில் அழைக்கிற முறைப்படி, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையுடன் மெர்லீன் சிஸ்டர் லுண்ட், வெர்ல் எல்டர் லுண்ட்.

நான் தள அலுவலகத்தில் இருந்தேன். கான்கிரீட் போடும் ஆட்களுக்கு மேஸ்திரி என் அப்பா ரொஹேலியோ. அவர்கள் ஸ்பானிய மொழியில் சொல்வதை ஆங்கிலத்திலும், அலுவலகம் ஆங்கிலத்தில் சொல்வதை ஸ்பானிய மொழியிலும் சொல்வது என் வேலை. அதற்கு மேல் நான் பேசுவதில்லை.

அந்தக் கோடையில் லுண்ட் தம்பதியின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். ஊழியத்தில் இருப்பவர்கள் ஊருக்குப் போக முடியாது. பிள்ளைகள்தான் வர வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் வேலி அருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக, ஆகஸ்ட்டில், போர்ட்லண்டிலிருந்து ஜனீல் வந்தாள். மூன்று வருடமாகப் பெற்றோரைப் பார்க்க வராதவள். வசந்தத்தில்தான் சபையை விட்டு விலகி, அதன் பதிவிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டிருந்தாள்.

அவள் வருவதற்கு முந்தின வாரம் முழுக்க சிஸ்டர் லுண்ட் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "அவ காலையில காப்பி குடிப்பா. எங்க வீட்ல கிடையாது. நல்லதா எங்கம்மா கிடைக்கும்?"

"பெட்ரோல் பங்க்ல கிடைக்கும், சிஸ்டர்."

"அது நல்லதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். நானும் அதே சபைதான். எங்களுக்குக் காப்பி விலக்கு; வாசனையோடு உறவு முடிந்துவிடும்.

வியாழக்கிழமை ஜனீல் தளத்துக்கு வந்தபோது கையில் அந்தப் பெட்ரோல் பங்க் காப்பி இருந்தது. மறுநாள் காலை அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். கம்பி கட்டி முடிந்து, கட்டட ஆய்வு அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எல்டர் லுண்ட் மகளுக்குத் தலைக்கவசம் கொடுத்து, பள்ளத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். நானும் சிஸ்டர் லுண்டும் ரொட்டித் தட்டோடு பின்னால் போனோம்.

"அந்த மூலையில பாரு, கல்லுங்க" என்றார் எல்டர். "சபைப் பிள்ளைங்க ஆத்துல பொறுக்கி, பேரெழுதிப் போட்டதுங்க. உங்க அஞ்சு பேரோட பேரையும் உங்கம்மா எழுதினா. உன்னுதும் இருக்கு. ஆலயம் இருக்கறவரைக்கும் அங்கயே இருக்கும்."

அவர் அதைப் பரிசு கொடுக்கிற முகத்தோடு சொன்னார். ஜனீல் காப்பியைப் பலகையின் மேல் வைத்தாள்.

"என் பேரா?"

"உன் பேருதான்."

"அப்பா, என் பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். உங்களுக்குத் தெரியும்."

"பதிவு வேற, கல்லு வேற."

"பதிவுலயாவது எழுதிக் குடுத்தா எடுத்துர்றாங்க. மேல கான்கிரீட்டைக் கொட்டிட்டா யார்கிட்டப்பா எழுதிக் குடுக்கறது?"

என் அப்பாவின் ஆட்கள் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தார்கள். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருந்தது.

"அதை எடுத்துருங்க" என்றாள் ஜனீல், குரலை உயர்த்தாமல். "இல்லேன்னா சாயங்காலமே கிளம்பறேன். இனிமே வரமாட்டேன். மிரட்டுறேன்னு நினைக்காதீங்க. என்னால முடியாது, அவ்வளவுதான்."

"ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதில்ல" என்றார் எல்டர். அவர் கழுத்து சிவந்திருந்தது.

ஜனீல் காப்பியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்த் தன் காரில் சாய்ந்து நின்றாள். சிஸ்டர் லுண்ட் தட்டின் ஓரத்தில் வழிந்த சர்க்கரைப் பாகை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க எதுவும் மிச்சமில்லாதபோதும் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்கப்பாவைக் கேளும்மா. நான் கீழ இறங்கலாமா?"

"மெர்லீன்" என்றார் எல்டர்.

"நீங்க குடுக்கல, வெர்ல். நான் குடுத்தேன். அவளைக் கேக்காம குடுத்தேன்."

என் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அதிகாரி பார்த்துவிட்டுப் போன கம்பி. "மிதிச்சா வளையும். வளைஞ்சா நாளைக்கு லாரியைத் திருப்பி அனுப்பணும். அந்த அம்மாகிட்டச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். சிஸ்டர் லுண்ட் தலையசைத்தார், ஆனால் நகரவில்லை. அப்பா அவர் கையிலிருந்த காலித் தட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, இரண்டு நீளப் பலகைகளைக் கம்பிகளின் குறுக்கே போடச் சொன்னார். "பலகையை விட்டு இறங்கக் கூடாதுன்னு சொல்லு."

பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அறுபத்தொன்பது வயதுப் பெண்மணி பலகையில் முட்டி போட்டார். நூற்றுக்கணக்கான கற்கள். பாதிக்கு மேல் பெயர் கீழ்ப்பக்கம் கவிழ்ந்து கிடந்தன. கம்பி இடைவெளியில் கையை விட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். மற்ற நான்கு பிள்ளைகளின் கற்களும் அடுத்தடுத்துக் கிடைத்தன. ஜனீலின் கல் இல்லை. வெயில் சாயத் தொடங்கியது. ஆட்கள் தண்ணீர்க் குடத்தை ஏற்றிக் கிளம்பினார்கள். ஜனீல் காரின் பின்கதவைத் திறந்து எதையோ அடுக்கும் சத்தம் கேட்டது. சிஸ்டர் லுண்டின் விரல்கள் அவசரப்பட்டன. பார்த்த கல்லையே மறுபடியும் திருப்பினார்.

எல்டர் ஓரத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"அங்க இல்ல" என்றார் கடைசியில். "நான் அதை மத்ததோட போடல. ரெட்டைக் கம்பி போற இடத்துல, தூண் வரப்போற எடத்துக்குக் கீழ. எது அசைஞ்சாலும் அது மட்டும் அசையக் கூடாதுன்னு வெச்சேன்."

சிஸ்டர் லுண்ட் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பலகையிலேயே தவழ்ந்து போனார். கல் தெரிந்தது. ஆனால் கம்பி நெருக்கமாக இருந்தது. சமையலறை வேலையில் தடித்த அவருடைய கை, மணிக்கட்டு வரைகூட நுழையவில்லை. என்னை அனுப்பி மகளைக் கூப்பிடச் சொன்னார்.

ஜனீல் வந்தாள். பலகையில் அம்மாவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டாள். கம்பி முனை தோலைக் கீறியது. கல் வெளியே வந்தது. உள்ளங்கை அளவு, மேலே மஞ்சள் வண்ணத்தில் அவள் பெயர். அவ்வளவுதான். வசனமோ, பிரார்த்தனையோ எழுதியிருக்கவில்லை.

"ஏம்மா மஞ்சள்?"

"உனக்குப் பிடிக்குமேன்னு."

"எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அது அக்கா ட்ரீனாவுக்கு."

சிஸ்டர் லுண்ட் யோசித்தார். "அப்ப ட்ரீனாவுக்கு நீலத்துல எழுதிட்டேனே."

ஜனீல் சிரித்துவிட்டாள். பலகையில் படுத்தபடியே, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, அவள் எழவில்லை. அம்மா அவள் முதுகில் கை வைத்தார்.

மறுநாள் காலை லாரிகள் வந்தபோது பாதி ஊர் வேலி ஓரம் நின்றது. ஜனீலின் காரும் அங்கேயே நின்றது. கம்பி கீறிய கைக்குக் கட்டு மாற்றுவதற்காக அவள் தன் காப்பியை அம்மாவிடம் கொடுத்திருந்தாள். சிஸ்டர் லுண்ட் பெயர் அட்டைக்கு நேர் கீழே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சபைப் பெண் ஒருத்தி அருகே வந்து கோப்பையைப் பார்த்தாள். "சிஸ்டர் லுண்ட், அது காப்பியா?"

"ஆமா. ரொம்பச் சூடு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

எல்டர் மனைவியின் பக்கம் குனிந்தார். "குடிக்கலியே?"

"இன்னும் இல்ல" என்றார் அவர்.

கான்கிரீட் குழாய் தூண் வரப்போகும் இடத்தின் பக்கம் திரும்பியது. எல்டர் தொப்பியைக் கழற்றினார். ஜனீல் கட்டை முடிந்துகொண்டு, காப்பிக்காகக் கையை நீட்டினாள். அவள் ஜாக்கெட் பையில் கல் கனத்துத் தொங்கியது.