கடைவாயில் ஒரு மெட்டு

அக்குளில் வைத்துச் சூடேற்றிய ஊதுமுனையை வெளியே எடுத்து, சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, பியூகிள் என்கிற பித்தளை ஊதுகுழலில் செருகிக்கொண்டு ஹோபர்ட் ஸ்ப்ரூல் தன் பட்டறைச் சுவரைப் பார்த்து நிற்கிறார். சுவர் முழுக்கப் பழைய லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன. சத்தம் அவற்றில் மோதி அமுங்கிவிடும், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இருக்காது என்பது அவர் நினைப்பு. அந்த அக்கம்பக்கம் நான்தான். எனக்கு நன்றாகவே கேட்கிறது.

அக்குளில் எதற்கு வைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். "குளிர்ல கெடந்த பித்தளைய வாயில வெச்சுப் பாரு கோராம்மா, செத்த மீனுக்கு முத்தம் குடுத்த மாதிரி இருக்கும்" என்றார். அன்று இரவு எங்கள் வீட்டில் மீன்தான். நான் தொடவில்லை.

ஓடைக்கரையில் படகு மோட்டார் பழுதுபார்ப்பது அவர் தொழில். எழுபத்தாறு வயது. ஸ்பேனர்கள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருக்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தால், வேலையைப் போட்டுவிட்டு அதைத் திருப்பிவைத்த பிறகுதான் உங்களோடு பேசுவார். சாப்பாடு நின்றுகொண்டே. உறுமிக்கொண்டு இடத்தைவிட்டு நகராத மோட்டாருக்கு 'ஆர்மிக்காரன்' என்று பெயர். "சத்தம் மட்டும் இருக்கு, ஒரு அடி நகர மாட்டேங்கறான் பாரு" என்று அதைத் தட்டிக்கொடுப்பார். அவர் மரீன், கடலிலிருந்து கரையேறிச் சண்டை போடும் அமெரிக்கப் படை; யாராவது அவரை 'முன்னாள் மரீன்' என்று சொல்லிவிட்டால் போச்சு. "முன்னாள்னு என் பொண்டாட்டிய வேணா சொல்லு, அவதான் என்னைய ரெண்டு தடவ விட்டுட்டுப் போனவ. மரீன்ல முன்னாள் பின்னாள் எல்லாம் கெடையாது."

சனிக்கிழமை காலையில் எங்கள் மரீன் மன்றத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். கிரிட்ஸ் என்ற சோளக் கஞ்சி, உப்புப் பன்றிக்கறி, முட்டை, ஐரிஸ் மியூபார்ன் பழம் வைத்துச் சுட்டுக் கொண்டுவரும் 'பை' பலகாரம். அப்ரிகாட் பை மட்டும் உள்ளே நுழையாது. அப்ரிகாட் தின்றால் வண்டி நடுவழியில் நின்றுபோகும் என்று எங்கள் மரீன்களுக்குப் போர்க்காலத்திலிருந்து இன்றுவரை பயம். சாப்பாட்டோடு கதையும் பரிமாறப்படும். பாதிக் கதைகளை ஆண்கள் மறந்துவிட்டார்கள். மனைவிகள் நாங்கள் மறக்கவில்லை. ஹோபர்ட்டும் ஐரிஸின் கணவர் வெண்டெலும் அறுபத்தொன்பதில் வியட்நாம் போரில் ஒரே பதுங்குகுழியில் மழையில் நனைந்தவர்கள். அந்தக் குழியில் ஒரு டப்பா பீச் பழத்தைப் பங்கு போட்டதில் கடைசித் துண்டு யார் வாய்க்குள் போனது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

"நீதான் தின்ன," என்பார் வெண்டெல்.

"இருட்டுல உனக்குக் கண்ணு தெரிஞ்சுச்சாக்கும்?"

"கண்ணு எதுக்குடா? நீ மெல்லற சத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம் எதிரிக்கே கேட்டுச்சு."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்பார் ஐரிஸ். "இத்தன வருஷமாக் கேக்கறேன். அடுத்த தடவ ஒரு டப்பா பழத்த நானே வாங்கித் தந்துடறேன்."

எங்கள் வட்டாரத்தில் எந்த மரீன் இறந்தாலும் அடக்கத்தில் வழியனுப்பும் மெட்டைப் பியூகிளில் ஊதுவது ஹோபர்ட்தான். இப்போது படைமுகாமிலிருந்து மரியாதை செலுத்த வருகிறவர்களிடம் இருப்பது பாட்டரி பியூகிள். உள்ளே சின்ன ஒலிபெருக்கி ஒன்று ஒளிந்திருக்கும். பொத்தானை அமுக்கி உதட்டில் வைத்துக்கொண்டு நேராக நின்றால் போதும், பிசிறில்லாமல் அதுவே பாடிவிடும். ஊதத் தெரிந்த ஆள் எல்லாச் சாவுக்கும் கிடைப்பதில்லை, அதனால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வெண்டெல் மட்டும் சொல்வார். அவர் அண்ணனும் மரீன். வேறொரு மாநிலத்தில் நடந்த அந்த அண்ணனின் அடக்கத்தில், பொத்தானை அமுக்கிய பையனுக்குச் சத்தமே வரவில்லை. வெட்கத்தோடு அவன் பியூகிளை இடுப்புக்கு இறக்கிய பிறகு அது தானாகப் பாட ஆரம்பித்தது. அண்ணன் மகள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்துவிட்டாளாம். "எங்க அண்ணன ஒரு பொம்ம வழியனுப்பி வெச்சுச்சு. எனக்கு அது வேணாம்டா ஹோபர்ட்," என்று மன்றத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார் வெண்டெல். "வராது," என்றார் ஹோபர்ட். அவ்வளவுதான் பேச்சு. இவர்கள் உலகத்தில் அதற்குமேல் சத்தியம் கிடையாது.

போன இலையுதிர்காலத்தில் ஒரு படகை வண்டியில் ஏற்றும்போது கயிறு சுற்றுகிற இரும்புக் கைப்பிடி கைநழுவித் திரும்பிச் சுழன்று ஹோபர்ட்டின் வாயில் அடித்தது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போயின. ரத்தத்தைத் துப்பிவிட்டு, படகை ஏற்றி முடித்து, அதன் பிறகுதான் என் கதவைத் தட்டினார். "கொஞ்சம் வண்டி ஓட்டறியா? ஒரு கண்ணு லேசா மங்கலா இருக்கு" என்றார். அட கடவுளே, இந்த மனுஷர்களை என்னதான் செய்வது!

பல்செட் கட்டிக்கொண்டு வந்த முதல் நாளே பியூகிளை எடுத்தார். மோட்டாரை ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய பெரிய பீப்பாய் ஒன்று பட்டறை நடுவில் நிற்கும். முதல் ஊதலிலேயே பல்செட் கழன்று பறந்து அதில் விழுந்தது. முழங்கை வரை விட்டுத் துழாவினார். எண்ணெய் மிதக்கும் தண்ணீருக்குள்ளிருந்து அந்தப் பற்கள் சிரித்துக்கொண்டே மேலே வந்தன. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் வெண்டெலின் இதயத்துக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்திருந்தார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது இந்த வேலை. முன்பல் இல்லாமல் உதட்டுக்குப் பிடிமானம் இல்லை, பல்செட்டோ நம்பத் தகுந்ததில்லை. ஆகவே அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்னும் சொந்தப் பற்கள் மிச்சமிருக்கிற இடது கடைவாய்க்கு ஊதுமுனையைக் கொண்டுபோனார். அறுபது வருடமாக நடுவில் பழகிய உதடு ஓரத்துக்குப் போனால் கேட்குமா? முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் மாடு கத்துவது போல ஒன்று. கிறிஸ்துமஸுக்குள் கீழ்ச்சுரங்கள் வந்துவிட்டன. மெட்டின் உச்சியில் ஒரு மேல்சுரம் இருக்கிறது. கேட்கிறவர்கள் கண்ணைத் துடைப்பது அந்த இடத்தில்தான். அது மட்டும் நாலு தடவைக்கு ஒரு தடவை வரும், மற்றபடி ஏமாற்றிவிடும். உதடு வெடித்து ரத்தம் கசியும். வாஸ்லீன் தடவிக்கொண்டு திரும்ப ஊதுவார். "விட்டுத் தொலைங்களேன், வெண்டெலுக்குப் புரியாதா?" என்று ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். "அவனுக்குப் புரியும். எனக்குத்தான் புரியாது" என்று பதில் வந்தது.

மன்றத்தில் இது ஒரு பிரச்சினையாகவே ஆகிவிட்டது. அடக்கத்தில் துப்பாக்கி சுடும் குழுவுக்கு என் கணவர் டெல்பர்ட்தான் தலைவர். சட்டைப் பொத்தானும் பெல்ட் வில்லையும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று இன்னமும் கண்ணாடியில் பார்க்கிற ஆள்.

"ஹோபர்ட், நல்லதுக்குச் சொல்றேன்," என்றார் ஒரு சனிக்கிழமை. "சீருடையப் போட்டுக்கிட்டு, அத்தன குடும்பத்துக்கு முன்னால, வாயக் கோணிக்கிட்டா நிக்கப் போற?"

"என் வாய்தானே கோணும்? உன் வயிறு மாதிரி பெல்ட்டயா தாண்டுது?"

"வெளையாட்டு இல்லடா. பாதியில சுரம் நின்னு போச்சுன்னா? ஐரிஸு அங்க உக்காந்திருப்பா. வாழ்நாள் முழுக்க அவ காதுல அந்த ஓட்டைதான் கேட்டுக்கிட்டிருக்கும். பேசாம பாட்டரிய வெச்சுக்கலாம்."

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்தார் வெண்டெல். தன் அடக்கத்தைப் பற்றி அடுத்தவர்கள் சண்டை போடுவதைக் கிரிட்ஸைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், கரண்டியைக் கீழே வைத்தார்.

"டெல்பர்ட், நான் மல்லாக்கப் படுத்திருப்பேன், மூடியும் போட்டிருக்கும்," என்றார் மூச்சு வாங்க. "கோணலா நிக்கறானா நேரா நிக்கறானான்னு எனக்கென்ன தெரியப் போவுது? காத்து இவன் நெஞ்சுக்குள்ள இருந்து வந்தாச் சரி."

ஐரிஸ் எழுந்து எல்லாருக்கும் காபி ஊற்றினார். ஹோபர்ட்டின் கோப்பையில் மட்டும் வழிய வழிய ஊற்றிவிட்டு, அதைப் பார்க்காமலே போனார்.

வெண்டெல் பிப்ரவரியில் போனார். தூக்கத்தில். ஐரிஸ் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டது மகனைக்கூட இல்லை, ஹோபர்ட்டைத்தான். "வெண்டெல் போயிட்டாரு. நீ தயாரா?" என்று மட்டும் கேட்டாராம். "தயார் ஐரிஸம்மா" என்றாராம் இவர். அதற்கு முந்தின நாள் நான் கேட்ட ஊதலில் மேல்சுரம் ஒரு தடவைகூட வரவில்லை. அந்த மனிதர் எதை வைத்துத் தயார் என்றார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

அடக்கத்தன்று உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்திருந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் ஐரிஸ், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். பெட்டிமேல் கொடி. டெல்பர்ட்டின் குழு துப்பாக்கிகளோடு வரிசையில். குழுவில் மூன்று பேருக்கு முட்டி மாற்றியிருக்கிறது, ஒருவருக்குத் தோள் போய்விட்டது. ஆனாலும் ஒருவர்கூட அசையவில்லை. இவர்களைப் பார்த்து எரிச்சல்படுவதே என் வேலை. ஆனால் இப்படி வரிசையில் நிற்கும்போது எனக்குப் பெருமை பொங்கிவிடும். அதை மட்டும் மறைக்க முடியாது.

ஹோபர்ட் மரத்தடியில் தனியாக நின்றார். முகாமிலிருந்து வந்திருந்த சார்ஜன்ட் ஒகாம்போ என்ற இளம்பெண், பாட்டரி பியூகிளோடு வந்து அவருக்கு இடது தோளை ஒட்டிப் பின்னால் நின்றாள். டெல்பர்ட் ரகசியமாகச் செய்த ஏற்பாடு அது. சுரம் நின்றால் அவள் பொத்தானை அமுக்கிவிட வேண்டும். பக்கத்திலேயே நின்றால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பந்தல் ஓரத்தில் நின்ற எனக்கு அவர்கள் பேச்சு கேட்டது.

"என்னம்மா, எனக்கு நிழலா நீ?" என்றார் ஹோபர்ட் திரும்பாமல்.

"தலைவர்தான் இங்க நிக்கச் சொன்னாருங்கய்யா."

"நில்லு. நிக்கறதுக்குக் காசா பணமா? பொத்தான்ல மட்டும் கைய வெக்காத."

"அந்தம்மாவுக்கு மெட்டு இல்லாமப் போயிடக் கூடாதுங்கய்யா," என்றாள் அவள். குரலில் மரியாதை இருந்தது, பிடிவாதமும் இருந்தது. மரீன்தானே அவளும்.

"போகாது," என்றார் ஹோபர்ட். பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

துப்பாக்கிகள் மூன்று முறை வெடித்தன. மரங்களிலிருந்து காகங்கள் கலைந்து பறந்தன. டெல்பர்ட்டின் குரலுக்கு எல்லாக் கைகளும் சல்யூட்டுக்கு ஏறின; மெட்டு முடிகிறவரை அவை இறங்கக் கூடாது. குடும்பத்தார் நெஞ்சில் கைவைத்தார்கள். ஹோபர்ட் வலது கையால் பியூகிளைக் கடைவாய்க்குக் கொண்டுபோய், முகத்தை அப்படியே கோணிக்கொண்டு ஊதினார். கீழ்ச்சுரங்கள் நிதானமாக வந்தன. கரகரப்பாக இருந்தாலும் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தன. மெட்டு ஏறியது. உச்சிக்கு வந்தது. அங்கே வெறும் காற்று.

இன்னொரு முறை முயன்றார். அப்போதும் காற்றுதான். உதட்டிலிருந்து ஒரு துளி ரத்தம் முகவாயில் இறங்கியது. ஐரிஸ் தலையைத் திருப்பி மரத்தடியைப் பார்த்தார். டெல்பர்ட்டின் தாடை இறுகியது. சார்ஜன்ட்டின் பியூகிள் உயர்ந்தது, அவள் கட்டைவிரல் பொத்தானைத் தேடிப் போனது.

ஹோபர்ட் திரும்பவில்லை. இடது கையைப் பின்னால் நீட்டி, அவளுடைய பியூகிளின் அகன்ற வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினார். மூடியபடியே நீளமாக ஒரு மூச்சை இழுத்தார். அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீண்டது என்று எனக்குத் தெரியாது. தோள் போனவரின் கை நடுங்குவதைப் பார்த்தேன். நடுங்கியதே தவிர இறங்கவில்லை. ஒருவர் கையும் இறங்கவில்லை.

முதல் சுரத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தார். மெட்டு ஏறியது. உச்சிக்கு வந்தது. மெலிதாக, ஓரம் தேய்ந்து, அந்த மேல்சுரம் வந்துவிட்டது. வந்து நின்றது. ஐரிஸ் கண்ணை மூடிக்கொண்டார். மெட்டு மெல்ல இறங்கிக் கல்லறைகளுக்கு மேலே கரைந்து முடிந்தது.

டெல்பர்ட் ஆணையிட்டார். அவர் குரல் உடைந்திருந்தது. சல்யூட் கைகள் எல்லாம் இறங்கின. குடும்பத்தாரும் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்கள். ஹோபர்ட்டின் இடது கை மட்டும் பின்னால் அந்தப் பாட்டரி பியூகிளின் வாயை மூடியபடியே இருந்தது.