லைட்டை அடைக்காத வியாழன்

அந்த வியாழன் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் திக்ர் நடத்தித் தரும் ஹஜ்ரத் இருந்தார், வாப்பாவின் தம்பி சாச்சா இருந்தார், தெருக்காரர்கள் இருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் உம்மாவும் மூத்தவள் ராத்தாவும். வாப்பா இல்லை. அவர் மௌத்தாகி அடக்கமான பிறகு, அல்லாஹ்வின் பெயரைச் சொல்ல எங்கள் வீட்டில் கூடிய முதல் திக்ர் அது. சமையலறை வாசலில், உம்மாவின் மஞ்சள் கை பட்டுப் பட்டு நிறம் மாறிய லைட் சுவிட்சு.

திக்ர் தொடங்கும்போது லைட்டை அடைத்து இருட்டாக்குவது எங்கள் வழக்கம். வெளி வெளிச்சம் போனால்தான் நெஞ்சுக்குள், கல்பில் இருக்கும் நூர் தெரியுமாம். ராத்தாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. இருட்டில் வாப்பாதான் திரையோரம் உட்கார்ந்து அவள் உள்ளங்கையில் தாளம் தட்டுவார். அன்று ஹஜ்ரத் செருமியதும் உம்மா லைட்டை அடைத்தார். அடுத்த நொடியே கூடம் பளிச்சென்றது. ராத்தா சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள். எங்கள் வாய்களைக் காட்டினாள், பிறகு தன் கண்ணை.

உம்மா சொன்னார்: “இத்தனை வருசமா இவளுக்குத் தாளம் மட்டும்தான் கெடைச்சிச்சு. நீங்க என்னா சொல்றீங்கன்னு உதட்டப் பாக்கணுமாம்.”

“ராத்திரிச் சந்த, பாசார் மாலாம் மாதிரி லைட்டப் போட்டுக்கிட்டு திக்ரா மைனி?” சாச்சா சிரித்தார். சிலர் கூடச் சிரித்தார்கள்.

“வெளிச்சம் உள்ளதானம்மா இருக்கு,” என்றார் ஹஜ்ரத், மெதுவாகத்தான்.

“இருக்கட்டும் ஹஜ்ரத். தோட்டத்துல விடியுமுன்ன ரப்பர் மரம் சீவ நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டுப் போனவ நான். மரத்துக்குக் காட்டுன வெளிச்சத்த மவளுக்குக் காட்ட மாட்டனா?”

ஹஜ்ரத் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே மற்றவர்களும். யாரும் திரும்பி வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஒளியைப் பற்றி சூஃபி ஞானிகள் சொன்னதை அங்கேதான் படித்தேன். தானும் தெரிந்து, மற்றதையும் தெரிய வைப்பதே ஒளி. இருட்டு என்று தனியாக ஒரு பொருளே கிடையாது. அப்படியானால் பக்கத்தில் இருப்பவளைக் காட்டாத நூர் என்ன நூர்? ஹஜ்ரத்தைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் சலாம் சொல்லிவிட்டு இதைக் கேட்கிறேன். இன்னும் கேட்பேன்.

இப்போதும் வியாழன்தோறும் மூன்று பேர் உட்காருகிறோம், லைட் எரிய. என் உதட்டைப் பார்த்து ராத்தா அல்லாஹ்வை அழைக்கிறாள். அந்தக் குரல் தெருமுனை வரை போகும். போகட்டும். சுவிட்சில் இப்போது அவள் விரல் தடம்தான் அதிகம். அதற்கு விலையாக நாங்கள் கொடுத்தது ஒரு ஹஜ்ரத், ஒரு சாச்சா, ஒரு கூடம் நிறைய ஆட்கள். இன்னும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம்.