பழி சுமக்க ஓர் ஆள்

பக்கிரி தெருவுக்குள் கால் வைத்தால் முதலில் தெரிந்துகொள்வது மாடுகள்தான். அசை போட்டுக்கொண்டிருந்த மாடு நிறுத்திவிடும். படுத்திருந்தது எழுந்து நிற்கும். கட்டுத்தறியில் நிற்கிற காளை, கயிறு அறுந்துவிடுகிற மாதிரி பின்னால் இழுக்கும். அப்புறம்தான் வீட்டுக்குள்ளிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "பக்கிரி வரான்பா" என்பார்கள். பாகூரிலும் செலியமேட்டிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் அவனுக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான்.

அவன் காளைகளுக்குக் காயடிக்கிறவன். காயடிக்காத காளை ஏருக்கு அடங்காது. வண்டியில் பூட்டினால் குடை சாய்த்துவிட்டுப் போகும். அதனால் இளங்காளை திமிற ஆரம்பித்ததும் கயிறு போட்டுச் சாய்த்து, இரண்டு மரச்சட்டங்களைச் சேர்த்துக் கட்டிய கிட்டியால் விதையை நசுக்கிவிடுவார்கள். 'விடுவார்கள்' என்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு. ஊரே சேர்ந்து செய்கிற மாதிரி சொல்லிக்கொள்வோமே தவிர, செய்கிறவன் பக்கிரி ஒருத்தன்தான். அவன் கைபட்ட மாடு வீங்கிச் செத்தது என்ற பேச்சே கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில், கடலூருக்குப் போகிற வழியில் இன்னொருத்தன் இருந்தான். அவனிடம் போன மாடுகளில் பல சீழ் பிடித்துச் செத்தன. அதனால் பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் இருந்தவர்கள் மட்டுமல்ல, அந்தப் பக்கத்துக்காரர்களும் சுங்கச் சாவடியைத் தாண்டி வந்து பக்கிரியைத்தான் கூப்பிட்டார்கள்.

இதில் ஒரு வழக்கம் இருந்தது. காயடிக்கும்போது மாட்டுக்குச் சொந்தக்காரன் அதன் கண்ணில் படக்கூடாது. பட்டுவிட்டால் மாடு ஆயுசுக்கும் அவன்மேல் வன்மம் வைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். ஆகவே மாட்டுக்கார ஐயா வைக்கோல்போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார். வேலை முடிந்து கட்டை அவிழ்த்ததும், என்னவோ இப்போதுதான் சேதி கேள்விப்பட்டவர் மாதிரி ஓடி வருவார். "அடப்பாவி, என் புள்ளைய இன்னாடா பண்ண?" என்று கத்திக்கொண்டே, முறுக்கிய துண்டால் பக்கிரியின் முதுகில் நாலு சாத்துச் சாத்துவார். பக்கிரி, "ஐயோ, ஐயோ" என்று அலறிக்கொண்டு, மாடு பார்க்கப் பார்க்க, தெருமுனை தாண்டி ஓட வேண்டும். அப்புறம் ஐயா மாட்டின் கழுத்தைத் தடவி, வெல்லமும் தவிடும் ஊட்டி, அழுகிற குரலில் சமாதானம் சொல்வார். மாட்டுக்குப் புரிந்துவிடுமாம்: கெடுத்தவன் அவன், காப்பாற்றியவன் இவன்.

எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு பாருங்கள்! மாடு வேண்டும், அதன் உழைப்பு வேண்டும், அதன் பிரியமும் வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் பழியைச் சுமக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். கூலி நெல் பொழுது சாய்ந்த பிறகு கொல்லைப்பக்கமாக வந்து சேரும். துண்டால் அடிப்பது வெறும் பாசாங்குதான். ஆனாலும் சில பேர் நிஜமாகவே வலிக்கிற மாதிரி அடித்தார்கள். மனசு உறுத்துகிறவன் அப்படித்தான் அடிப்பான்.

பக்கிரிக்குக் கல்யாணம் ஆகாமல் இல்லை. தையலம்மாள் என்று ஒருத்தி வந்தாள். பிறந்த வீட்டுச் சீராக ஒரு பசுவையும் ஓட்டி வந்தாள். வந்த முதல் நாளே பசு பக்கிரியைப் பார்த்து மிரண்டு, பாலை அடக்கிக்கொண்டது. அதிலிருந்து விடிந்ததும் அவன் எழுந்து ஏரிக்கரைக்குப் போய்விடுவான். பால் கறந்து முடித்து அவள் சொம்பைத் தட்டினால்தான் திரும்பி வருவான். தட்டுகிற சத்தத்திலேயே அவள் சிரிக்கிறாளா, சிடுசிடுக்கிறாளா என்று அவனுக்குத் தெரியும். வாந்திபேதி கண்ட வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். பசுவுக்கு வைக்கோல் போடப் போனான். அது தறியைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கயிற்றில் கழுத்து இறுகி நாக்கைத் தள்ளிவிட்டது. கயிற்றை அறுத்துவிட்டுக் காப்பாற்றினான். மறுநாள் அவளுடைய அண்ணனை வரச் சொல்லி ஓட்டிக்கொண்டு போகச் சொன்னான். அதன் பிறகும் பல காலம், விடிந்தால் கால் தானாக ஏரிக்கரைக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருப்பான். சொம்புச் சத்தம் கேட்காது. வெயில் ஏறிய பிறகு எழுந்து வருவான்.

மாட்டுப் பொங்கல் அன்று அவன் ஊருக்குள் வரக்கூடாது. யாரும் விரோதமாகச் சொன்னதில்லை. மாடு மிரளும், அவ்வளவுதான் விஷயம். கொம்புக்கு வண்ணம் பூசி மாலை போட்டு எல்லாரும் மாட்டைச் சாமி என்று கும்பிடுகிற அந்த நாளில், அவன் ஏரியின் கோடி மதகில் போய் உட்கார்ந்திருப்பான். யாராவது இலையில் பொங்கலை வைத்துக் கரையில் ஒரு கல்லுக்கு மேல் விட்டுப் போவார்கள். தூரத்தில் தாரை தப்பட்டை கேட்கும். காக்காயோடு பங்கு போட்டுக்கொண்டு சாப்பிடுவான்.

இப்படி இருந்தவனுக்கு ஒரு கன்று வந்து சேர்ந்தது. செலியமேட்டில் கண்ணையன் என்று பெரிய விவசாயி. நெல்லும் கரும்புமாக நிறைய நிலம். அவர் வீட்டுப் பசு கன்று போட்டதும் செத்துவிட்டது. மற்றப் பசுக்கள் அந்தக் கன்றை முட்டித் தள்ளின. அறுவடை நேரம், யாருக்கும் கை ஓயவில்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்த பக்கிரியைப் பார்த்து, எடுத்துக்கொண்டு போ, பிழைத்தால் உனக்கு என்றார் கண்ணையன். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு, ஈரம்கூடக் காயாத காளங்கன்று. தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

ஆட்டுப்பால் வாங்கி, அதில் விரலை நனைத்து வாயில் வைத்தான். எந்தக் கை வாசனைக்கு ஊர் மாடெல்லாம் மிரண்டதோ, அந்தக் கையை அது தாய் மடி மாதிரி சப்பியது. பக்கிரிக்குக் கையை இழுத்துக்கொள்ளவும் மனசில்லை, நம்பவும் முடியவில்லை. அதற்குச் சுட்டி என்றே பெயர் வைத்தான். வளர வளர அது அவன் போகிற இடமெல்லாம் வந்தது. மழைக்காலத்தில் கூரைக்குள்ளேயே படுத்தது. அவன் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்கும். கால் மரத்துப் போனாலும் அவன் அசைய மாட்டான்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு அவன் தானே மதகடியில் கல் கூட்டிப் பொங்கல் வைத்தான். இன்னும் முளைக்காத கொம்புக்கு மஞ்சள் தடவினான். பொங்கி வழிந்தபோது, தனியாக நின்று, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினான். ஏரித் தண்ணீரைத் தவிர கேட்பவர் யாரும் இல்லை. சுட்டி அவன் முகத்தைச் சொரசொரவென்று நக்கியது. யாராவது பார்க்கிறார்களா என்று அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாராவது பார்த்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

கன்று கன்றாகவே இருந்துவிடுமா? திமில் எழும்பியது. கயிற்றை அறுத்தது. வேலி தாண்டிக் கண்ணையனுடைய கரும்பில் இறங்கியது. ஒரு நாள், விரட்டப் போன பண்ணையாளின் தொடையைக் கிழித்துவிட்டது. கண்ணையன் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"ஊரு மாட்டுக்கெல்லாம் அடிச்ச. உன் மாட்டுக்கு மட்டும் கை வரலியா?"

"அது ஒண்ணுதாங்க ஐயா, என்னைப் பாத்து மிரளாத உசுரு."

"அதுக்கு நான் இன்னாப்பா பண்றது? அங்க ஆளு தொடை கிழிஞ்சி கெடக்கறான். அறுப்புக்குள்ள அடிச்சிடு. இல்லன்னா சந்தைக்கு ஓட்டிடுவேன். கசாப்புக்காரன் வாங்கிக்குவான்."

கண்ணையன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் கொடுமை.

பக்கிரிக்குச் சோறு இறங்கவில்லை. கடலூர் வழிக்காரனிடம் ஓட்டிப் போகலாம்; வீங்கிச் செத்தால்? தானே அடிக்கலாம், அடித்தால் வெல்லம் ஊட்டுவது யார்? கண்ணையனைச் சொந்தக்காரன் மாதிரி ஓடி வரச் சொல்லலாமா என்றுகூட யோசித்தான். அப்படிச் செய்தால் சுட்டி அவரை அல்லவா தன்னுடையவராக நினைத்துக்கொள்ளும்? அவன் அந்த வழக்கத்தை முழுசாக நம்பினான். அதன் பின்பாதியை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பதை மட்டும் மறந்துவிட்டான். அடி வாங்கிக்கொண்டு ஓடுகிறவன் எங்கே திரும்பிப் பார்க்க முடியும்?

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு ஆளாகவும் தானே இருப்பது! பழைய அழுக்கு வேட்டி ஒன்றைக் கட்டி, உடம்பெல்லாம் வேப்பெண்ணெயும் சாம்பலும் பூசி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வேலையை முடிப்பது. பிறகு ஏரியில் குளித்து, தினசரி கட்டுகிற வேட்டியோடு மேற்கேயிருந்து ஓடி வருவது. அழுக்கு வேட்டியைக் கம்பத்தில் தொங்கவிட்டு, மாட்டின் கண்ணெதிரே அதைப் போட்டு அடிப்பது. ஹமீது கடையில் வெல்லம் வாங்கினான். என்றைக்கும் வெல்லம் வாங்காதவனுக்கு என்ன விசேஷம் என்று ஹமீது கேட்டார். வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றான்.

கண்ணையனுடைய ஆட்கள் கயிற்றோடு வந்தார்கள். சுட்டி கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. ஒருத்தரையும் கிட்டே விடவில்லை. முகத்தை மூடிக்கொண்டிருந்த பக்கிரியையும் விடவில்லை. எண்ணெயும் சாம்பலும் வேலை செய்தன. பேசக்கூடாது என்று இருந்தான். ஆனால் ஆட்கள் தடியை எடுத்துவிட்டார்கள். தடியால் அடித்துச் சாய்த்தால் கால் முறியும். வேறு வழி தெரியாமல், "சுட்டி" என்றான், ஒரே ஒரு தரம்.

அந்தக் குரல் கேட்டதும் சுட்டி கொம்பை நிமிர்த்தியது. நேராக அவனிடம் வந்தது. முழங்காலில் தட்டியதும், மழைநாளில் கூரைக்குள் படுக்கிற மாதிரி, தானே மடங்கிப் படுத்தது. கயிறு போட வந்தவர்கள் சும்மா நின்றார்கள். கிட்டியைப் பிடித்த பக்கிரியின் கை மட்டும் குறி தப்பவில்லை. எத்தனை வருஷத்துக் கை அது.

குளித்துவிட்டு வந்தான். ஆட்களை அனுப்பிவிட்டான். கம்பத்தில் தொங்கிய அழுக்கு வேட்டியைத் துண்டை முறுக்கி அடித்தான். "அடப்பாவி, என் புள்ளைய இன்னாடா பண்ண?" என்று கத்தினான். எத்தனையோ பேர் வாயால் கேட்ட வார்த்தை. தன் வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை. விடாமல் அடித்தான். கம்பம் ஆடியது, வேட்டி கிழிந்தது. சுட்டி வேட்டியைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அதன் தோல் சிலிர்த்தது.

வெல்லத்தை நீட்டிக்கொண்டு கிட்டே போனான். சுட்டி, வலியோடு காலை அகட்டி வைத்து, கயிறு போகிற மட்டும் பின்னால் போய் நின்றது. ஊர் மாடெல்லாம் நிற்குமே, அப்படி.

பக்கிரி கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தான். பிறகு கம்பத்திலிருந்த கிழிசலை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டான். சுட்டிக்கு எதிரே, எட்டத்தில், மண்ணில் உட்கார்ந்தான்.

"நான்தான்டா சுட்டி. வேற எவனும் இல்ல. நான்தான் பண்ணேன்."

அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு மாட்டிடம் ஒரு மனுஷன் உண்மையைச் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு, பெண்சாதி செத்த அன்று அழாத அழுகையையும் சேர்த்து அழுதான்.

தை பிறப்பதற்குள் கண்ணையன் தம்முடைய இரண்டு இளங்காளைகளுக்காக ஆள் அனுப்பினார். பக்கிரி போனான். கிட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அடிக்கறங்க ஐயா. நீங்க தலைமாட்டுல உக்காந்து அதும் மூஞ்சியப் புடிச்சிக்கணும். ஒளியக் கூடாது. அடி வாங்கிக்கினு நான் ஓடறது இனிமே இல்ல."

கண்ணையனுக்கு வந்ததே கோபம். காயடிக்கிறவன் எனக்குப் புத்தி சொல்வதா என்று குதித்தார். காளைகளைக் கடலூர் வழிக்காரனிடம் ஓட்டினார். ஒன்று வீங்கிச் செத்தது. இன்னொன்றை அங்கே விடாமல் திருப்பிக்கொண்டு வந்து, பக்கிரிக்கு ஆள் அனுப்பினார். இந்தத் தடவை மாட்டின் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பக்கிரியைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். மாட்டுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, தனக்குத் தெரியக்கூடாது என்பதுதான் பல பேருக்கு வேண்டியிருந்தது.

சுட்டிக்குப் புண் சுத்தமாக ஆறியது. கூலி குறைந்த பிறகு பக்கிரி வாங்கிய ஒற்றை மாட்டு வண்டியை வில்லியனூர்ச் சந்தைக்கும் சுத்துக்கேணிக்கும் இழுத்தது. நில் என்றால் நின்றது, போ என்றால் போனது. தங்கமான மாடு என்று வழியில் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவன் தலையை ஆட்டிக்கொள்வான். ஆனால் சுட்டி மடியில் முகம் வைப்பதும் இல்லை, நக்குவதும் இல்லை, அவன் பார்த்துக்கொண்டிருந்தால் தீனியில் வாய் வைப்பதும் இல்லை.

தினமும் பொழுது சாய்கிறபோது பக்கிரி மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் வைப்பான். வைத்துவிட்டு ஏரியைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். சில நாள் சீக்கிரம், சில நாள் வெகுநேரம் கழித்து, பின்னாலிருந்து வெல்லம் கடிபடுகிற சத்தம் வரும். அது வந்த பிறகுதான் உள்ளே போய்த் தன் கஞ்சியைக் குடிப்பான்.