வாட்டும் மாடியில் ஒரு கம்பளம்

இப்போது நாங்கள் பதுளை டவுனில் இருக்கிறோம். இரண்டாவது பிள்ளை வெறும் பாயில் தவழும்போதெல்லாம் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் குவார்ட்டர்ஸின் சிவப்புக் கம்பளம் நினைவுக்கு வருகிறது. தோட்டத்தை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரை, அங்கே தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்த என் கணவருக்குக் கொடுத்தது. மூத்தவள் தவழப் பழகியது அதன்மேல்தான்.

ஒன்பதாம் மாதம் அவளுக்கு மூச்சு இழுப்பு வந்தது. வைத்தியம் பார்க்க வந்த தோட்டத்து டிஸ்பென்சர் கம்பளத்தைத் தட்டி, எழுந்த தூசியைப் பார்த்தார். "ஆவி போட்டு சுத்தம் பண்ணுங்க, இல்லாட்டி தூக்கிப் போடுங்க" என்றார். தூக்கிப் போட மனம் வரவில்லை. அது பேராசையோ என்று இன்றும் நினைப்பேன்.

பதுளையில் ஹோட்டல் கம்பளங்களைச் சுத்தம் செய்யும் முஸ்லிம் நானா ஒருவரை வரவழைத்தோம். ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். மண்ணெண்ணெய் அடுப்பு, பித்தளைக் கொதிகலன், ரப்பர் குழாய், அதன் முனையில் அகன்ற தகர வாய். கம்பளத்தைக் குப்புறப் போட்டுப் பிரம்பால் அடித்தார். பிறகு சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஆவி பாய்ச்சி, கிளம்பிய அழுக்கைத் துணியால் ஒற்றி எடுத்தார். கம்பளத்தில் அதுவரை நான் பார்த்திராத மஞ்சள் பூக்கள் வெளியே வந்தன.

"வெள்ளக்காரன் சப்பாத்து மண்ணெல்லாம் இதுக்குள்ளதான் ஈக்குது தங்கச்சி" என்றார். "எல்லாத்தையும் கட்டிக்கிட்டுப் போனவன் இத மட்டும் உட்டுட்டுப் போயிட்டான்."

கிளம்பும்போது, "ஈரத்தோட விரிச்சா பூஞ்சணம் புடிக்கும். மறுகா புள்ளைக்கு இன்னும் மோசம்" என்று எச்சரித்தார்.

மதியமே பனிமூட்டம் இறங்கிவிட்டது, வெளியே காயப்போட வழியில்லை. கணவர் ஹாலிஎலயில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடி ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும், காற்றாடியும் உண்டு. எஸ்.எஸ்.சி. வரை படித்த நான் அதற்குமேல் யோசிக்காமல் கம்பளத்தை அங்கே கொண்டுபோனேன்.

"ஐயா வரட்டுமேம்மா" என்று காவல்காரர் தயங்கினார்.

"ஐயா ஒன்னும் சொல்ல மாட்டாரு" என்றேன்.

மாலைக்குள் கம்பளம் காய்ந்து வீட்டுக்கு வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

"பக்கத்துல சவுக்காரம் இருந்தாலே தேயில வாசத்த இழுத்துக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் வீட்டில் தேயிலை டப்பா இருந்த அலுமாரியில் வெங்காயம்கூட வைப்பதில்லை. பிள்ளையின் நெஞ்சையே கேட்டுக்கொண்டிருந்ததில் அது மறந்துபோயிற்று.

"நாளைக்குப் போடுற கொழுந்துல அந்த வாசம் ஏறிச்சின்னா புதுத் துரை எங்கிட்ட சாவியக் கேப்பாரு. வேலையும் போகும், இந்த வீடும் போகும்" என்றார்.

மறுநாள் விடியலிலேயே போய், எல்லா ஜன்னல்களையும் திறந்து, கொழுந்து பரப்பும் தட்டுகளைத் துடைக்க வைத்து, கொழுந்து வரும்வரை காற்றாடியை ஓடவிட்டாராம். செவ்வாய்க்கிழமை அந்தத் தேயிலையில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். பாலும் சீனியும் இல்லாமல் தேத்தண்ணி ஊற்றினேன். கோப்பையை முகர்ந்ததுமே ஈரக் கம்பளியும் சவர்க்காரமும் மணத்தன. கோப்பையை அவரிடம் நீட்டினேன்.

"வாசம் வருதுங்க."

அவர் உறிஞ்சினார், முற்றத்தில் துப்பினார், மறுபடி உறிஞ்சினார். பிறகு குனிந்து என் தோளை முகர்ந்தார்.

"தேத்தண்ணியில இல்ல. ஒன் சீலையில இருக்கு. ரெண்டு நாளா ஈரம் இருக்கா, ஈரம் இருக்கான்னு காபட்டு மேலயே கெடக்குற. சீலைய மாத்தவே இல்லியா?"

மகள் அவர் சப்பாத்தைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். அவளுக்கு இழுப்பு குறைந்திருந்தது.

நான் உள்ளே போய்ச் சீலையை மாற்றி, முகம் கழுவி வந்து, ஆறிப்போன கோப்பையை எடுத்து முகர்ந்தேன். தேயிலை வாசம் மட்டுமே இருந்தது. அவர் பார்க்காதபோது இன்னொரு தடவையும் முகர்ந்தேன்.