மைத்துனர் வேண்டாமென்ற வார்த்தை

தேயிலை விலை விழுந்தபோது எங்கள் எஸ்டேட்டில் புழங்கிய இங்கிலீஷ் வார்த்தைகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் ஓவர்டைம், பிறகு போனஸ். ஃபேக்டரி மட்டும் வார்த்தையாக மிஞ்சியது, கதவில் பூட்டுத் தொங்கியது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. அதுவும் யாருக்கு என்பதைக் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பெயர் கூப்பிடும் சூப்பர்வைசர் முடிவு செய்வார். கூப்பிடாதவர்கள் வெறுங்கூடையோடு வீடு திரும்பவேண்டியதுதான். என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் சூப்பர்வைசரின் மைத்துனர் நின்றார். மரம் ஏற்றும் காண்ட்ராக்டர். அவருக்குப் பூட்டு சாவி சின்னம். எதிரே நின்றது எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. அவளுக்குச் சீப்பு.

நான் அப்போது தேவர்சோலை கடைவீதியில் ஒரு தையல் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மைத்துனர் படியேறி வந்தார்.

"ஏனுங்க டீச்சர், எலெக்‌ஷனுக்கு வேண்டிய இங்கிலீஷ் பூராத்தையும் சொல்லிக் குடுங்க."

ஓட்டுப் போடப்போவது சிலோனிலிருந்து வந்த கொழுந்துக்காரிகள். லீவு, சிக் தவிர இங்கிலீஷ் தெரியாதவர்கள். அவர்களிடம் எதற்கு இது என்றேன். தமிழில் பேசினால் முகத்தில் கவுன்சிலருக்குரிய களை வராது என்றார். கேண்டிடேட், கேம்பெயின், போலிங் எல்லாம் படித்தார். மெஜாரிட்டி என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை, கறித்துண்டு மாதிரி மென்றுகொண்டே இருப்பார். சாயங்காலம் லைன் வீடுகளுக்கு முன் நின்று அத்தனையையும் கொட்டுவார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள்.

சீக்ரெட் பேலட் என்று ஆரம்பித்தபோது பேனாவை மூடிவிட்டார்.

"அது நமக்கு வேண்டாமுங்க. நம்ம சனத்துக்கு ஒளிச்சு மறைச்சுப் பழக்கமில்லீங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. சரி, அடுத்த வார்த்தை டெபாசிட் என்றேன்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தராசு காட்டிய எடையைக் கூடைக்காரி சத்தமாகச் சொல்லவேண்டும், பின்னால் நிற்பவள் ஆமாம் என்று தலையாட்டவேண்டும். எடையில் கைவைக்காமலிருக்கப் பெண்களே ஏற்படுத்திக்கொண்ட காவல் அது. சூப்பர்வைசர் அதைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, தன் முன்னால் நின்று, குத்தின சின்னத்தை நிறுவையில் சொல்வது போலச் சொல்லவேண்டும் என்றார். சொல்லாதவளுக்குப் பெரட்டில் பெயர் கிடையாதாம்.

ஓட்டுப் பதிவன்று பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி, சில்வர் ஓக் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருத்தியும் வந்து "பூட்டு சாவிங்க" என்றாள். பின்னால் வந்தவள் தலையாட்டினாள். என் அம்மா போட்ட சத்தத்தில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குப் பின்னால் வந்த நான் தலையை ஆட்டாமல் சூப்பர்வைசரைக் கடந்து நடந்தேன். பெரட்டில் என் பெயர் இல்லை, எனக்கென்ன. அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை.

எண்ணிப் பார்த்தார்கள். சீப்பு ஜெயித்தது. மைத்துனருக்கு டெபாசிட்டும் போனது. நல்லவேளை, அந்த வார்த்தையைப் படித்து வைத்திருந்தார்.

மறுநாள் பெரட்டில் சூப்பர்வைசர் வரிசையாக நிறுத்திக் கேட்டாராம், யார் சீப்புக்குக் குத்தியது என்று. ஒவ்வொருத்தியும் அதே சத்தத்தில் பூட்டு சாவி என்றாளாம், பக்கத்தில் நின்றவள் தலையாட்டினாளாம். யாரைத் தள்ளுவது என்று தெரியவில்லை. எல்லோரையும் தள்ளினால் கொழுந்தை அவரும் மைத்துனரும்தான் கிள்ளவேண்டும். பேசாமல் பெயர் கூப்பிட்டார். அம்மாவின் பெயரும் அதில் இருந்தது.

ஆயா ஜெயித்து ஃபேக்டரி திறந்துவிடவில்லை. லைனுக்கு ஒரு தெருவிளக்கு வந்தது, அவ்வளவுதான்.

பெரட்டில் பெயர் கூப்பிட்ட அன்று சாயங்காலம் அம்மா கைக்கறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, அந்த ஆள் வேண்டாமென்ற வார்த்தை என்ன என்று கேட்டாள். சீக்ரெட் பேலட், ரகசியமாக ஓட்டுப் போடுவது என்றேன்.

"ரகசியமாத்தான்டி போட்டோம்," என்றாள். "சத்தம் போட்டது அந்தாளு கேக்குறதுக்கு."